கத்திவாக்கம்: தண்ணீர் சூழ்ந்த ஊர்



ஜூபிலி மேடையில் ஊர்ச் சரித்திரம் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குக் கத்திவாக்கம் என்றால் கும்மிடிப்பூண்டி ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷன். அது தனி நகராட்சியாக இருந்ததே தெரியாது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். தெற்கே திருவொற்றியூர்ப் பக்கம் மட்டுமே தரைவழி. தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக் குப்பம் எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊர்கள்.

கால்வாயைப் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை 1806-இல் வெட்டி முடித்தார்கள். அப்போது அதற்குக் கொக்ரேன் கால்வாய் என்று பெயர். 1878-இல்தான் பக்கிங்காம் ஆயிற்று. விறகும் உப்பும் படகேறிப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் காற்று வாங்க எண்ணூரில் பங்களா கட்டினார்களாம். காற்று வாங்க எண்ணூருக்கு! இன்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. வேலை கிடைத்தது, வீட்டில் விளக்கெரிந்தது. அதை மறுத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் சாம்பல் கழிமுகத்தில்தான் படிந்தது. தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடித்தவர்களுக்குச் சேறு மாறிப்போனது முதலில் தெரிந்தது. 2017-இல் அந்த மின் நிலையத்தை மூடினார்கள். சாம்பல் போகவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கால்வாய் வழியாக எண்ணெய் வந்தபோது, நம் மீனவர்களே வாளியால் அள்ளினார்கள்.

2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது கத்திவாக்கம் நகராட்சியும் மறைந்து, திருவொற்றியூர் மண்டலத்தில் அடங்கியது. வரி கட்டும் இடம் மாறினாலும் முகத்துவாரம் மாறவில்லை. வாயில் மணல் மேடிட்டால் படகு கடலுக்குப் போகாது, ஏற்றநீரும் உள்ளே வராது.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கழிமுகத்தின் ஒவ்வொரு மடுவுக்கும் திட்டுக்கும் உங்கள் பாட்டன்மார் வைத்த பெயர் உண்டு. எந்த வரைபடத்திலும் அவை இல்லை. சாப்பாட்டுப் பந்திக்குப் போகுமுன் என்னிடம் வந்து சொல்லுங்கள். நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.