சாவி யார் கையில்?



ஓர் ஊரில் ரேஷன் கடை. உரிமம் மகளிர் குழுவின் பெயரில் இருக்கிறது. பலகையிலும் குழுவின் பெயர்தான். ஆனால் சாவி? அது வேறொருவர் சட்டைப் பையில். அவர் நினைத்தால் கடை திறக்கும். அவர் காட்டும் இடத்தில் குழுத் தலைவி கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் அதிகாரி வந்து மூட்டைகளை எண்ணுகிறார். கணக்கில் உள்ள அரிசி கடையில் இல்லை. யாரைக் கேட்பார்? சாவி வைத்திருப்பவரையா? இல்லை. உரிமம் யார் பெயரில் உள்ளதோ அவர்களைத்தான் கேட்பார்.

உரிமம் என்பது ஒரு தாள். தாள் கடை நடத்தாது. அதை வாங்கியவர்கள்தான் நடத்த வேண்டும்.

சத்தீஸ்கர் மாநிலத்தில் ஒரு காலத்தில் பல ரேஷன் கடைகள் தனியார் கையில் இருந்தன. 2004-இல் அரசு ஓர் ஆணை போட்டது. கூட்டுறவுச் சங்கம், கிராமப் பஞ்சாயத்து, மகளிர் சுய உதவிக் குழு போன்றவற்றிடம் கடைகளை ஒப்படைத்தது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடை உரிமம் தருவதில் இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு முன்னுரிமை என்று அந்தச் சட்டமும் சொல்கிறது. பெண்கள் கடையை நிர்வகிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

எனவே பல ஊர்களில் கடை பெண்களிடம் வந்தது. கூடவே பொறுப்பும் வந்தது. எடை போட ஆள் வைக்கலாம். பொறுப்பை அந்த ஆளிடம் விட்டுவிட முடியாது.

அன்றாடம் செய்ய வேண்டியது என்ன?

காலையில் குறித்த நேரத்தில் கடை திறக்க வேண்டும். கூலிக்குப் போகிறவர் அரை நாள் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். அறிவிப்புப் பலகையில் இருப்பு எவ்வளவு, யாருக்கு எத்தனை கிலோ, விலை என்ன, கடை நேரம் என்ன, புகார் செய்ய எந்த எண் என்று எழுத வேண்டும். எல்லோரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுத வேண்டும். தானியத்தின் மாதிரியையும் பார்வைக்கு வைக்க வேண்டும்.

அடுத்தது எடை. தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா? வெறும் தராசு பூஜ்யம் காட்டுகிறதா? பார்த்த பிறகே விநியோகம் தொடங்க வேண்டும்.

தேசியச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. சில மாநிலங்கள் இதற்கு மேலும் கொடுக்கின்றன. சட்டப்படி வரும் இந்தத் தானியம் 2023 முதல் இலவசம். 'இனாம்தானே, ஒரு கிலோ குறைந்தால் என்ன?' என்று எடை போடுகிறவர் நினைக்கலாம். 300 அட்டைக்கு ஒவ்வொரு கிலோ குறைந்தால் 300 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை 6. அத்தனையும் ஏழைகளின் உலையில் விழ வேண்டிய அரிசி!

கைரேகைக் கருவியில் சில முதியவர்களின் ரேகை பதியாது. உழைத்து உழைத்துத் தேய்ந்த விரல் அது. அதைக் காரணம் காட்டி மட்டும் யாருக்கும் தானியம் மறுக்கக் கூடாது. 2017-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு இதை எழுத்தில் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்டவர் வந்தால் விற்பனையாளர் வெறும் பையோடு திருப்பி அனுப்பக் கூடாது. பொறுப்பில் உள்ளவரைக் கூப்பிட வேண்டும். பொறுப்பாளர் மாற்று வழியைக் கேட்டுச் செய்ய வேண்டும். குடும்ப அட்டையைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்வதும் தவறு.

மாலையில் கணக்கு. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். காலையில் இருப்பு 1,000 கிலோ. கொடுத்தது 340 கிலோ. மீதி 660 கிலோ இருக்க வேண்டும். 640 கிலோதான் இருந்தால், 20 கிலோ எங்கே? சிந்தியதா, எலி தின்றதா, எழுத மறந்ததா, வேறெங்கும் போனதா? அன்றே கேட்டால் பதில் கிடைக்கும். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் நினைவு இருக்காது.

லாரி வரும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். மூட்டைகளை எண்ண வேண்டும், எடை போட வேண்டும், சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். நனைந்த மூட்டை, பூச்சி விழுந்த மூட்டை இருந்தால் சீட்டில் எழுத வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

இத்தனையும் ஒருவரால் முடியுமா? முடியாது. குழுவில் 10 பேர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் இருவர், அடுத்த வாரம் இருவர். ஒருவர் மூட்டை எண்ணினால் மற்றவர் பதிவேட்டைப் படிக்கலாம். எல்லோருக்கும் கணக்குத் தெரிந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. வீண் சந்தேகமும் வராது.

பாடுபட்டு எழுத்துக் கற்றோம். எதற்காக? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்கா? படித்துப் பார்க்காமல் போடும் கையெழுத்தும் கைநாட்டும் ஒன்றுதான்.

உரிமம் குழுவின் பெயரில் இருந்தால், சாவியும் குழுவின் கையில் இருக்கட்டும்.