முத்திரையில்லாத் துவக்கு

(கண்டிப் பகுதி உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது. துவக்கு வேண்டும் என்கிறோம். நியாயமே. ஆனால் எந்தத் துவக்கு?

அந்நியரின் படைத்துவக்கைப் பார்த்துச் செய்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே இந்நாட்டுக் கொல்லர் அதைக் கற்றனர். கற்றதோடு நில்லாமல், பிடியை இரண்டாகப் பிளந்து, விசையை இடப்பக்கம் அமைத்துத் தமக்கென ஒரு வடிவமே கண்டனர். 1765இல் கண்டியைச் சூறையாடிய ஒல்லாந்தர் அள்ளிச் சென்றவற்றுள் துவக்குகளும் இருந்தன. அவை திரும்பி வந்தது 2023இல்தான்!

ஆகவே பார்த்துச் செய்வதை நாம் குறைகூறவில்லை. சோதியாமல் விற்பதையே கண்டிக்கிறோம். பர்மிங்காமில் 1813இல் சட்டப்படி சோதனைச்சாலை நிறுவினர். அங்கே வழக்கத்துக்கு மேற்பட்ட மருந்திட்டுச் சுட்டுப் பார்த்த பின்னரே குழலில் முத்திரை பதிப்பர். இரவில் கைமாறும் கள்ளத் துவக்குக்கு முத்திரை ஏது? தண்ணீர்க் குழாய் வெடிமருந்தைத் தாங்குமா? அது பொருத்துவாயில் பிளந்தால் பன்றி தப்பியோடும். உழவன் கண்ணையும் விரலையும் இழப்பான். போதாக்குறைக்கு, 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் அவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்.

நேர்வழி எளிதாயின் கள்ளவழியை நாடுவார் யார்? அனுமதிப்பத்திரம் கோரும் உழவனுக்கு விதைப்புக்கு முன்னரே விடை வேண்டும். முத்திரை பெற்ற துவக்கு அவனுக்கு எட்டும் விலையில் கிடைக்கவேண்டும். அரசிடம் நாம் கேட்பது இவ்விரண்டே.