அவள் வீட்டு மாடும் நம்ம வயிற்றெரிச்சலும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பொறாமையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கடன் பாக்கியால் குழுவில் சண்டை வந்தால் நோட்டைப் பார்த்துப் பேசித் தீர்த்துவிடலாம். பொறாமையால் வரும் சண்டைக்குக் காரணமே வெளியே தெரியாது. "அவ புருஷன்தான் நல்லா சம்பாதிக்கிறாரே, அவளுக்கு எதுக்குக் கடன்? நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார்கள். உள்ளே இருப்பது வேறு.

நான் கிறிஸ்தவள் என்பதால் வேதத்திலிருந்து சொல்கிறேன். மற்ற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். திருவள்ளுவரும் அழுக்காறாமை, வெஃகாமை என்று இதற்கே 2 அதிகாரம், 20 குறள் எழுதியிருக்கிறார்.

பத்துக் கட்டளைகளில் கொலை, களவு எல்லாம் கை செய்கிற தப்பு. ஊர் பார்க்கும். கடைசிக் கட்டளை மட்டும் மனசுக்குள் நடப்பதைச் சொல்கிறது. அடுத்தவர் வீடு, மனைவி, வேலையாள், மாடு, கழுதை எதன் மேலும் ஆசை வைக்காதே என்கிறது. மாட்டைக்கூட விடவில்லை பாருங்க!

மனசுக்குள் ஆசைப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஆகாப் ராஜாவின் கதை அதற்குப் பதில். அரண்மனை இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நாபோத் என்பவருடைய திராட்சைத் தோட்டத்தின் மேல் கண். கீரை, காய்கறி போட அது வேண்டுமாம். "பாட்டன் சொத்து, தரமாட்டேன்" என்றார் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். ராணி யேசபேல் பொய்ச்சாட்சிக்கு 2 பேரை ஏற்பாடு செய்தாள். நாபோத்தைக் கல்லெறிந்து கொன்றார்கள். தோட்டம் ராஜா கைக்கு வந்தது. முதலில் மீறியது கடைசிக் கட்டளையை. பொய்ச்சாட்சி, கொலை, களவு எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுழல்நிதி எப்படிப் பங்கிட்டீங்க, எனக்கு ஏன் கடன் இல்லை என்று கூட்டத்தில் எழுந்து கேட்பது பொறாமை இல்லை. அது உரிமை. "எனக்கும் வேணும்" என்பது நியாயம். "அவளுக்கு இருக்கக் கூடாது" என்பதுதான் பொறாமை. நியாயம் கேட்கிற ஏழையை "பொறாமைப்படாதே" என்று சொல்லி யாரும் வாயடைக்கக் கூடாது. கடவுள் எலியா தீர்க்கதரிசியை அனுப்பியது நாபோத்துக்காகப் பேசத்தான்.

பேராசை நம்மையும் விடாது. எதிர்வீட்டில் மாடு வாங்கினாள் என்று நாமும் 20,000 ரூபாய் கடன் வாங்குகிறோம். 100-க்கு 2 ரூபாய் வட்டி என்றால் முதல் மாதமே வட்டி 400 ரூபாய். அவளுக்குச் சொந்த வரப்பில் புல். நமக்குத் தீவனம் முழுக்க விலைக்கு. இரண்டு மாடும் ஒரே அளவு பால் கறந்தாலும் கையில் மிஞ்சுவது ஒன்றா?

அதனால் மூன்று பழக்கம் வேண்டும்.

ஒன்று, கடன் கேட்கும் முன் "எதிர்வீட்டில் இது இல்லாவிட்டாலும் எனக்கு இது தேவையா?" என்று நம்மையே கேட்போம்.

இரண்டு, வயிறு எரிகிற அன்றைக்கு அவளைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேச வேண்டாம். அவள் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுவோம். பிறகு அவளிடமே போய், "எப்படி அக்கா முன்னுக்கு வந்தீங்க?" என்று கேட்போம். பாதி எரிச்சல் அங்கேயே அடங்கும். மாடு வளர்க்கிற பக்குவமும் தெரியும்.

மூன்று, ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு. தீர்மான நோட்டையும் வங்கி பாஸ்புக்கையும் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசித்துக் காட்டுங்க. மறைத்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்த இடத்தில் பொறாமை தானாக முளைக்கும்.

அழுகிறவர்களோடு அழவும், மகிழ்கிறவர்களோடு மகிழவும் வேண்டும் என்று பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதினார். முதலாவது நமக்கு நன்றாகவே வரும். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிடாமலே ஓடுகிறோம். பக்கத்து வீட்டுக்குப் புது பீரோ வந்தால்தான் எட்டிப் பார்க்கக் கால் வருவதில்லை. இரண்டாவதைத்தான் பழக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் கடன் வாங்கி முன்னேறிய ஒரு சகோதரியைப் பேச வையுங்கள். பேசி முடித்ததும் எல்லோரும் மனதாரக் கை தட்டுங்கள். அவள் கட்டுகிற தவணைதான் நாளைக்கு நமக்குக் கடனாக வரப்போகிறது.