நமக்குக் கீழே யார்? படித்த சில புத்தகங்கள் பற்றி

(விக்கிரவாண்டியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமீபத்தில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் விமர்சகன் இல்லை. பகலெல்லாம் வங்கிக் கவுண்டர்ல உட்கார்ந்து பாஸ்புக் போட்டுக்கினு, ராத்திரியில படிக்கிறவன். கோட்பாடு எதுவும் மூட்டை கட்டிக் கொண்டு வரவில்லை. ஒரு புகார் மட்டும் இருக்கிறது. நம்ம கூட்டங்கள்ல ஒரு பழக்கம். புத்தகத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே எழுதினது யாருன்னு விசாரிச்சு, நம்ம ஆளுன்னா கைதட்டறது, அவங்க ஆளுன்னா கிழிக்கிறது. விசாரிக்கிறதை நான் தப்புன்னு சொல்லலை. யார் எழுதினதுன்னு கேட்காமலேயே தலைமுறை தலைமுறையா ஏமாந்தவங்க நாம. ஆனா அதோட நின்னுடறோம். புத்தகத்துக்குள்ளே யார் மேலே உட்கார்ந்திருக்கிறார், யார் கீழே கிடக்கிறார், கீழே கிடக்கிறவருக்கு அதில் வாய் இருக்கிறதா என்கிற விசாரணைக்கு நாம போறதே இல்லை.

முதலில் ‘குருதிப்புனல்’. இந்திரா பார்த்தசாரதி எழுதி 1975-இல் வந்த நாவல், 1977-இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியது. கீழவெண்மணியை வைத்து எழுதியது. 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். எதற்காக? கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்காக, செங்கொடி பிடித்ததற்காக. 1973-இல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நேரில் நடந்து போய்க் கொளுத்தியிருப்பார்களா என்று நீதிமன்றத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாவலாசிரியர் என்ன செய்தார்? மிராசுதார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறைவில் கொண்டு போய் நெருப்புக்குக் காரணத்தை வைத்தார். நல்ல எழுத்துதான், விறுவிறுவென்று போகிறது, மறுக்கவில்லை. ஆனால் களத்து மேட்டில் இருந்த சண்டை படுக்கையறைக்குப் போய்விட்டது. மிராசுதாருக்கு உடம்பு சரியாக இருந்திருந்தால் அரைப்படி நெல் கூடுதலாகக் கொடுத்திருப்பாரா? டெல்லியிலிருந்து வந்த படித்த இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நெருப்பில் போன பெண்களில் ஒருத்தியாவது ஒரு பக்கம் முழுசாகப் பேசியிருக்கலாம். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கூலி என்றதும் ஞாபகம் வருவது அண்ணலின் ‘ரூபாயின் பிரச்சினை’. 1923-இல் லண்டனில் வெளிவந்தது. வங்கியில் வேலை பார்ப்பவன் படிக்காமல் இருந்தால் வெட்கம் என்று எடுத்தேன். கடினமான புத்தகம். வெள்ளி, தங்கம், செலாவணி என்று போகிறது. பாதியை இரண்டு தடவை படித்தும் பிடிபடவில்லை. பிடிபட்ட பாதியைச் சொல்கிறேன். நாணய மதிப்பு விழுந்தால் ஏற்றுமதி செய்கிறவனுக்கும் முதலாளிக்கும் லாபம் என்று அந்தக் காலத்தில் பலபேர் மகிழ்ந்தார்கள். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று அம்பேத்கர் கேட்கிறார். விலைவாசி ஓடுகிறது, கூலி பின்னாலே நொண்டிக்கினு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அந்த லாபம். கூலிக்காரன் வீட்டு உலையிலிருந்து எடுத்தது. அன்றைக்குப் பெரிய பொருளாதார மேதை என்று பேர் வாங்கிக்கொண்டிருந்த கெய்ன்ஸ் ஆதரித்த முறையை இந்த மாணவர் எதிர்த்து எழுதுகிறார். நோட்டும் நாணயமும் எவ்வளவு வெளியிடுவது என்பதை ஆட்சியாளர் இஷ்டத்துக்கு விடக் கூடாது என்பது அவர் வாதம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். ரிசர்வ் வங்கியையே அவர்தான் உண்டாக்கினார் என்று நம்ம சுவரொட்டிகளில் போடுகிறோம். அவர் 1925-இல் ஹில்டன் யங் கமிஷன் முன்னால் சாட்சியம் சொன்னார். மத்திய வங்கி வேண்டும் என்று அந்தக் கமிஷன் பரிந்துரைத்தது, 1935-இல் ரிசர்வ் வங்கி வந்தது. அவ்வளவுதான் கதை. இந்தப் புத்தகம் வங்கிக்குப் போட்ட வரைபடம் இல்லை. அவருக்கு இல்லாத பெருமையைச் சுமத்திவிட்டு, உலையிலிருந்து எடுத்த லாபம் பற்றி அவர் எழுதினதைப் படிக்காமலே விட்டுவிட்டோம். கூலி உயர்வுக்குப் போராடுகிற தோழர்கள் அந்த அத்தியாயத்தை மட்டுமாவது படிக்க வேண்டும்.

கவிதைப் புத்தகங்களும் பத்துப் பன்னிரண்டு படித்தேன். அதில் பாதிக்கு மேல் பறை, நெருப்பு, சாம்பல் மூன்றையும் எடுத்துவிட்டால் தாள்தான் மிஞ்சும். நானும் எழுதுகிறவன், அதனால் இதற்கு மேல் பேசினால் அடி விழும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994-இல் வந்தது. சுந்தர ராமசாமி தூக்கி வைத்துப் பாராட்டினார். நம்ம பக்கம் கடுமையாகத் திட்டினார்கள். ஊர்க்காரன் செய்கிற கொடுமையை விட்டுவிட்டுச் சேரிக்குள்ளே நடக்கிறதைக் காட்டிக் கொடுக்கிறான், அதனால்தான் அவர்கள் பாராட்டுகிறார்கள் என்றார்கள். அந்தச் சண்டையைக் கேட்டே புத்தகத்தைப் படிக்காமல் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணார் பெண்ணின் கதை. யாருக்கு வெளுக்கிறாள்? நமக்கு. நம்ம தீட்டுத் துணியை, நம்ம பிரசவத் துணியை, நம்ம சாவுத் துணியை. நம்ம வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவள் வரணும், பிணம் விழுந்தாலும் வரணும். ராத்திரியில் வாசலுக்கு வாசல் நின்று சோறு கேட்கிறாள். அறுப்புக் காலத்தில் களத்துக்குக் களம் போய்க் கையேந்துகிறாள். வருசத்துக்கு வருசம் நெல் குறைகிறது. பிள்ளைகள் சலவைக் கடைக்குத் துணியைக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். துணியும் போச்சு, சோறும் போச்சு. அவளுடைய மகள் மேரிக்கு நேர்கிற கொடுமையைச் செய்கிறவன் ஊர்த் தெருவிலிருந்து வரவில்லை, நம்ம தெருவிலிருந்துதான் வருகிறான்.

காட்டிக் கொடுப்பது என்கிறார்களே, யாரை யாரிடம்? மேலே இருப்பவன் இதைப் படித்துவிட்டு ‘பார், அவர்களுக்குள்ளேயே இப்படித்தான்’ என்று நிம்மதியாகத் தூங்குவான் என்பது உண்மை. தூங்கட்டும். அவன் தூங்குவதும் விழிப்பதும் நம்ம கவலை இல்லை. நம்ம மாவட்டத்தில் எத்தனை காலனிகளின் ஓரத்தில் தனியாக ஒரே ஒரு வீடு இருக்கிறது, உங்களுக்குத் தெரியாதா? அந்த வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறோமா, ‘ஏய் வண்ணான்’ என்று கூப்பிடுகிறோமா? நம்ம சின்னப் பசங்க அந்த வீட்டுக் கிழவியை எப்படிக் கூப்பிடறாங்க? பாட்டின்னா, ‘வாடி போடி’ன்னா? அவர்களும் அட்டவணையில் இருக்கிற சாதிதான், ஆனால் அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு. அதற்காக நாம எத்தனை தடவை தாலுகா ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்திருக்கோம்?

புத்தகத்தில் எனக்குக் குறையும் உண்டு. ஆரோக்கியம் அழுதுகொண்டே இருக்கிறாள். ஒப்பாரி நீள்கிறது. ஒரு கட்டத்தில் படிக்கிறவன் அழுது தீர்த்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் போகிறது. அவள் ஒரு தடவையாவது நம்மைத் திட்டியிருந்தால், வாய் விட்டு, பேர் சொல்லித் திட்டியிருந்தால், நமக்கு இன்னும் சுட்டிருக்கும். ஆனால் இந்தக் குறையைச் சொல்கிற தகுதி படித்தவர்களுக்குத்தான். படிக்காமல் திட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

விழுப்புரத்துக்காரர் விழி.பா. இதயவேந்தன், 2022-இல் நம்மை விட்டுப் போனவர். அவருடைய ‘நந்தனார் தெரு’ தொகுப்பை மறுபடி படித்தேன். சில கதைகள் மனு மாதிரி முடிகின்றன, கடைசி வரியில் ஆசிரியரே மேடை ஏறிவிடுகிறார். இருந்தாலும் நம்ம பக்கத்துப் பேச்சு அப்படியே காகிதத்தில் இருக்கிறது. அதற்காகவே மாணவர்கள் படிக்கணும்.

அயோத்திதாசப் பண்டிதருக்கு வருகிறேன். ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியான ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையையே பேராக வைத்துப் பத்திரிகை நடத்தினவர். அந்தத் தைரியம் ஒன்றுக்கே கும்பிடலாம். நாம பூர்வ பௌத்தர்கள், நம்மைத் தாழ்த்தியது ஒரு வரலாற்றுச் சதி என்று அவர் எழுதும்போது, நம்ம தாத்தன் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. சொல்லுக்குச் சொல் அவர் சொல்கிற பிறப்பு வரலாறுகளை எல்லாம் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அது தனி விசயம். என்னை உறுத்தியது வேறு. எங்களைக் குறவர், சக்கிலியர், வில்லியரோடு ஒன்றாகச் சேர்க்காதே என்று வாதாடுகிற இடங்கள் அவரிடம் இருக்கின்றன. வில்லியர் யார்? திண்டிவனம், விழுப்புரம் பக்கம் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கொத்தடிமையாகக் கிடந்த, திருட்டுப் பட்டம் கட்டி ஸ்டேசனுக்கு இழுத்துக்கொண்டு போன நம்ம இருளர் ஜனம். பண்டிதரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தப் பக்கங்களை ஒட்டிவிட்டுப் படிக்காதீர்கள் என்கிறேன். சேரிக்குக் கோயில் கதவு சாத்தியதைப் பற்றிப் பத்து மணி நேரம் பேசுகிறோம். நம்ம காலனிக் கோயில் கதவு இருளர் குடும்பத்துக்குத் திறந்திருக்கா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (கூட்டத்தில் மூன்று பேர் கை தூக்கினார்கள்.)

கடைசியாக ஒரு தன்வரலாறு. வீரம்மா என்கிற பெண் சொன்னது. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமம், ஊர்ப் பேரை மாற்றிக் காரணி என்று வைத்திருக்கிறார்கள். ரெட்டியார் நிலத்தில் கூலி, கூடவே பிரசவம் பார்க்கிறவர். பன்னிரண்டு பிள்ளை பெற்று மூன்றுதான் தங்கியது. ஜோசியான் ராசின் என்கிற இசை ஆய்வாளர் பல வருசம் கூட உட்கார்ந்து தமிழில் பதிவு செய்தார். அவரும் அவர் கணவரும் சேர்ந்து அதை 1995-இல் பிரெஞ்சில் கொண்டு வந்தார்கள். 1997-இல் ஆங்கிலத்தில் வந்தது. நான் படித்தது ஆங்கிலத்தில். இங்கிருந்து பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்த் திரும்பி வருகிற தூரத்தில் ஒரு பறைச்சி பேசின தமிழ், பாரிசுக்கும் லண்டனுக்கும் போய், என் கைக்கு இங்கிலீசாக வந்தது. ஒவ்வொரு வரியையும் என் பெரியாயி பேச்சாக மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் படித்தேன்.

இயக்கக்காரர்களுக்கு இந்தப் புத்தகம் பிடிக்காது. வீரம்மா புரட்சி பேசவில்லை. ரெட்டியாரைத் திட்டுகிற இடமும் உண்டு, அவரை நம்பியிருக்கிற இடமும் உண்டு. பேய் பேசுகிறார், கல்யாணம் பேசுகிறார், கெட்ட வார்த்தை பேசி வயிறு குலுங்கச் சிரிக்கிறார். மகன் அரசியல் பேசுகிற புதுத் தலைமுறை, இந்த முறையே கூடாது என்கிறவன். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒத்துப் போகவில்லை. நாமெல்லாம் அந்த மகன் கட்சி. நம்ம கூட்டங்களில் மகன்தான் மைக் பிடிக்கிறான், இன்றைக்கு நான் பிடித்திருக்கிற மாதிரி. அந்த அம்மா எப்படிக் கும்பிட்டாள், எதற்குக் கும்பிட்டாள், கும்பிட்டுக்கொண்டே எதையெல்லாம் காப்பாற்றினாள் என்பது அவள் வாயால் கேட்டால்தான் தெரியும். இருநூறு பக்கத்துக்கும் மேலே அவள் ஒருத்தியே பேசுகிறாள், யாரும் குறுக்கே வரவில்லை. ‘குருதிப்புன’லில் நான் தேடிக் கிடைக்காத குரல் இதுதான்.

என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது. இங்கிலீஷ் படிக்கிற கல்லூரித் தம்பிகள் நாலு பேர் பேர் கொடுங்கள், ஆளுக்கு ஒரு அத்தியாயம். எழுதி வர வேண்டாம். அடுத்த கூட்டத்தில் நம்ம தெருப் பேச்சிலேயே வாயால் சொல்லுங்கள். அம்மாக்களையும் கூட்டிக்கினு வாங்க, தப்பாச் சொன்னா திருத்துவாங்க. ‘கோவேறு கழுதைகள்’ ரெண்டு பிரதி இருக்கு. அது யாருக்கு வேணும்?