கடற்படைக்குத் தலைமை ஏற்ற தமிழர்



விழா மேடைகளில் கடலைப் பற்றிப் பேச்சு எழுந்தால், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பே முதலில் வந்து நிற்கும். 1025ஆம் ஆண்டின் பெருமை அது, மறுப்பதற்கில்லை. ஆயின், ஆயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லும் நம் நினைவு, இடையில் 1967ஆம் ஆண்டில் சற்றே நிற்க மறந்துவிடுகிறது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், கே. தனபாலசிங்கம் என்னும் தமிழர் அரச மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 31.

அதற்கு முன் அப்பதவியில் அமர்ந்தோர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளே. முதல் மலேசியர் இவர்தாம். 1936இல் பிறந்த இவர், நாடு விடுதலை பெறுவதற்கு ஈராண்டு முன்னரே, 1955இல் கடற்படையிற் சேர்ந்தார். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயின்றார். பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலிலிருந்து நம்மவர் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கப்பற் பயணம் என்றாலே தளத்தில் பாய் விரித்துப் படுத்து வருவது என்று அறிந்திருந்த சமூகத்தில், அக்கப்பலுக்கு ஆணையிடும் பணியை ஓர் இளைஞர் நாடியதே புதுமையன்றோ!

அவர் ஏற்றது மலர்மாலையன்று, பெருஞ்சுமை. இந்தோனேசியாவுடனான மோதல் 1966இல்தான் ஓய்ந்திருந்தது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தமையால், உட்லண்ட்சிலிருந்த கடற்படைத் தளமே வேற்று நாட்டு மண்ணில் நின்றுவிட்டது. நம் வீட்டு அடுக்களை அண்டை வீட்டார் மனைக்குள் அகப்பட்டுக்கொண்டது போன்ற நிலை. போதாக்குறைக்கு, தென்கிழக்காசியாவிலிருந்து தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தது. மலாக்கா நீரிணை முதல் சபாக் கரை வரை காக்கும் கடமை இந்த இளம் படையின் தோளில் இறங்கியது. பிரான்சில் கட்டப்பட்ட, எக்சோசெட் ஏவுகணை தாங்கிய 4 விரைவுப் படகுகள் அவர் காலத்திலேயே படையில் சேர்ந்தன.

"நம்மவர்களை எங்கே எடுக்கப் போகிறார்கள்?" என்று பிள்ளையின் விண்ணப்பத்தை மடித்து வைக்கும் பெற்றோர் இவ்வரலாற்றை ஒருமுறை கேட்டல் வேண்டும். துங்கு அப்துல் ரகுமான் பிரதமராயிருந்த அரசு, நாட்டின் கடல் எல்லையை ஒப்படைத்தது ஒரு தமிழரின் கையில்.

ரியர் அட்மிரலாக உயர்ந்து, ஒன்பதாண்டு அப்பொறுப்பில் இருந்து, 1976இல் அவர் ஓய்வு பெற்றார். அப்போது வயது 40. அரசுப் பணியில் பலர் அடுத்த பதவி உயர்வுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கும் வயது.