முதலில் கால், பிறகு கம்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சுய கட்டுப்பாடு பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்ஜினீயரைக் கூப்பிட்டு இதைப் பேசச் சொல்வது கொஞ்சம் வம்புதான். எனக்கு அது கொஞ்சமாவது வந்தது சிலம்பத்தால். அதனால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

நான் வளர்ந்தது கருவடிக்குப்பத்தில். சித்தானந்த சுவாமி கோயிலால் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். பள்ளி நாட்களில் அங்கே ஒரு வாத்தியாரிடம் சிலம்பம் கற்றேன். முதல் நாளே கம்பு கிடைக்கும் என்றுதான் எல்லாப் பையன்களும் போவோம். கிடைக்காது. முதலில் கால்மானம். எந்தக் காலை எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, உடம்புப் பாரம் எந்தக் காலில் நிற்கணும் என்று வாரக்கணக்கில் அதே வேலை. பாதிப் பேர் அதிலேயே நின்றுவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு நெற்றி உயரத்தில் ஒரு மூங்கில் கம்பு, அவரவர் அளவுக்கு.

காரணம் இருக்கிறது. கம்பு வேகமாகச் சுழலும்போது காலைப் பற்றி யோசிக்க நேரம் கிடையாது. கால் தப்பினால் கம்பு நம் முழங்காலையே பதம் பார்க்கும். மெஷினை ஓட்டும் முன் பவுண்டேஷனைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

அடுத்தது, அடியை நிறுத்துவது. போட்டியில் எதிராளியை அடித்து வீழ்த்த வேண்டியதில்லை, தொட்டாலே புள்ளி. முழு வேகத்தில் வரும் கம்பைத் தொட்ட இடத்திலேயே நிறுத்த வேண்டும். கோபம் வந்தால் தோள் இறுகும், கம்பு கனக்கும், எதிராளி சுலபமாக உள்ளே நுழைந்துவிடுவான். எங்கள் வாத்தியார் "கோபப்படாதே" என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவசியமே வரவில்லை.

நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. லண்டனிலிருந்து தப்பி 1910-இல் புதுவை வந்த வ.வே.சு. ஐயர், உடற்பயிற்சியில் பெரும் நாட்டம் உள்ளவர். அதே மனிதர்தான் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். ஆங்கிலேய ஒற்றர்கள் கண் வைத்திருந்த ஊரில் உட்கார்ந்து 1330 குறளையும் முடிப்பதென்றால் சும்மாவா? அந்தப் பொறுமையையும் கசரத்தையும் தனித்தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது சிலம்பத்துக்கு நல்ல காலம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் 2021-இல் தமிழ்நாடு அதைச் சேர்த்தது. பெண் பிள்ளைகளும் நிறைய வருகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் மூன்று மாதத்தில் மெடல் கேட்கும் பெற்றோருக்காகக் கால்மானத்தைச் சுருக்கிவிட்டு, 'சாதனை' என்று பிள்ளைகளை மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்துச் சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கு மிஞ்சுவது கைவலிதான்.

எனக்கு ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தாலும் இருபது நிமிடம் கால்மானம் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். பல நாள் கம்பைத் தொடுவதே இல்லை. உங்களுக்கு ஹாஸ்டல் மொட்டை மாடி போதும். கற்றுக்கொள்ள எங்காவது சேர்வதென்றால், முதல் நாளே கம்பைக் கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.