நாடா, கிளப்பா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)



உலகக் கோப்பை ஆட்டமா, கிளப் ஆட்டமா, எது பார்க்க ருசி? நம் பிள்ளைகள் மாடிப்படியில் தினமும் நடத்தும் வழக்கு இது. வங்கியில் வேலை பார்த்தவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

உலகக் கோப்பை நான்காண்டு வைப்புநிதி. 2022 இறுதியாட்டம் 3–3, பெனால்டியில் அர்ஜென்டினா வென்றது. அது முதிர்வுத் தொகை! கிளப் ஆட்டமோ சேமிப்புக் கணக்கு, வாராவாரம் வரவு. சேர்ந்தே பழகுவதால் ஆட்டமும் நேர்த்தி. 2010 இறுதியாட்டத்தில் இறங்கிய ஸ்பெயினின் பதினொருவரில் பாதிக்கு மேற்பட்டோர் பார்சிலோனாக்காரர்கள். கிளப் போட்ட முதலுக்கு நாடு வட்டி எடுத்தது.

என் ஓட்டு கிளப்புக்குத்தான். அதிலும் நம் ஐக்கிய விளையாட்டுச் சங்க மைதானத்தில், மவ்லானா அபுல் கலாம் ஆஸாத் கோப்பைப் போட்டியை, பந்து உதைபடும் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு எந்த டிவியும் ஈடாகாது.

ஆனால் நாளைக்கு அங்கே ஆட யார் இருப்பார்கள்? 'பந்து விளையாடக் கூடாது' என்று நம் வளாகத்தில் பலகை வைத்திருக்கிறோம். அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அஸர் முதல் மஃரிப் வரையாவது அதை எடுத்துவிடுவோம். உடையும் முதல் கண்ணாடிக்கு நானே பணம் கட்டுகிறேன்.